எண்ணிக்கை குறைகிறதே, தோழர்!

உங்கள் வீட்டுக்கு சென்சஸ் டீச்சர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? தோளில் துணிப்பை, கையில் கத்தையாக ஃபாரம், வெயிலில் தெருத்தெருவாக அலைந்து கறுத்துப்போன முகம். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பிப்பார். வீட்டில் எத்தனை பேர்? குடும்பத் தலைவர் யார்? வயசு? படிப்பு? வேலை? நாமும் ஒரு கண்ணை டி.வி. மேல் வைத்துக்கொண்டே பதில் சொல்வோம். வாசல் சுவரில் ஒரு நம்பர் எழுதிவிட்டு அவர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். அவ்வளவுதான். நமக்கு அது ஒரு கால் மணி நேரத் தொந்தரவு.

அந்த ஃபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. இருப்பவர்களுக்கெல்லாம் அதில் வரிசை எண் இருக்கும். இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாமல் போன மனிதர்களுக்கு வரிசை எண் கிடையாது. ஆனாலும் அவர்கள் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்கள்! போன கணக்கையும் இந்தக் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால் போதும். நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இன்றைய இந்தியாவின் எல்லைக்குள் 1911-ல் 25 கோடியே 21 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து 1921-ல் எண்ணினால் 25 கோடியே 13 லட்சம்! பிறந்த குழந்தைகளெல்லாம் எங்கே? 1918-ன் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் வாரிக்கொண்டு போயிருந்தது. மற்ற விஷயங்களில் எப்படியோ, பிரிட்டிஷ் அரசாங்கம் அந்த எண்ணை ஒளிக்காமல் அச்சடித்து வெளியிட்டது. எண்ணியவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. கழித்தல் கணக்கு சரியாக வந்த ஒரே காரணத்துக்காக, கணக்கு போட்டவர்களையே கழித்துவிட்ட கதை ஒன்று உண்டு. நடந்த இடம் சோவியத் யூனியன். வருடம் 1937.

* * *

கதை உண்மையில் மூன்று வருடம் முன்பே, 1934 ஜனவரியில் ஆரம்பிக்கிறது. மாஸ்கோவில் கம்யூனிஸ்ட் கட்சியின் 17-வது மாநாடு. ‘வெற்றியாளர்களின் மாநாடு’ என்று அதற்குப் பெயர். மேடையில் ஸ்டாலின். சாதனைப் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு புள்ளிவிவரத்தையும் எடுத்துவிட்டார். 1930 கடைசியில் நம் மக்கள்தொகை 16 கோடியே 5 லட்சம். 1933 கடைசியில் அது 16 கோடியே 80 லட்சமாக உயர்ந்துவிட்டது! அரங்கம் கைதட்டியது.

கைதட்டாமல் தலையைச் சொறிந்தவர்கள் புள்ளிவிவரத் துறைக்காரர்கள். ஏனென்றால் அந்த எண்ணை அவர்கள் கொடுக்கவேயில்லை. அந்தத் துறையில் வேலை பார்த்த மிகயில் குர்மன் பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில் இது வருகிறது. துறையின் தலைவராக இருந்த ஒசின்ஸ்கி, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டாராம். எந்த எண்ணைச் சொல்வது என்று தனக்குத் தெரியும் என்பது ஸ்டாலினின் பதில்.

அது எப்படிப்பட்ட மூன்று வருடங்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். விவசாயிகளின் நிலத்தையும் மாட்டையும் பிடுங்கிக் கூட்டுப்பண்ணையில் சேர்த்த காலம். கொஞ்சம் வசதியாக இருந்தவனுக்கு ‘குலாக்’ என்று பட்டம். 1930, 31 இரண்டு வருடத்தில் மட்டும் அப்படிப் பட்டம் வாங்கிய சுமார் 18 லட்சம் பேர் குடும்பம் குடும்பமாக வடக்குக்கும் சைபீரியாவுக்கும் ரயிலேற்றப்பட்டார்கள். ஊரில் மிச்சமிருந்தவர்களிடம் தானியக் கொள்முதல். கொள்முதல் என்பது மரியாதையான வார்த்தை. விதை நெல் மாதிரி வைத்திருந்த விதைத் தானியத்தையும் சேர்த்து அள்ளிப்போனார்கள். 1932-33-ல் உக்ரேன், வோல்கா ஓரம், வடக்கு காகசஸ், கஜகஸ்தான் எங்கும் பஞ்சம். பட்டினி கிடந்தவன் பக்கத்து மாகாணத்துக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. உக்ரேனையும் வடக்கு காகசஸையும் விட்டு விவசாயிகள் வெளியேறக் கூடாது என்று 1933 ஜனவரியில் உத்தரவு. அதே நேரத்தில் துறைமுகத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது, ஏற்றுமதிக்கு.

செத்தவர்கள் எத்தனை பேர்? ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பார்கள். எழுபது, எண்பது லட்சம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அப்போது அதை வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. பஞ்சம் என்று ஒன்று நடக்கவேயில்லை என்பது அரசாங்கத்தின் நிலை. பிறப்பு, இறப்பு ரிஜிஸ்டரைப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கிராமமே காலியாகும்போது ரிஜிஸ்டரில் எழுத யார் இருந்தார்கள்? அப்படியும் பதிவான சாவுகள் அதிகமாகத் தெரிந்ததால், 1935 செப்டம்பரில் அரசாங்கம் ஒரு விளக்கம் கண்டுபிடித்தது: பதிவு அலுவலகங்களில் வர்க்க எதிரிகள் புகுந்து, ஒரே சாவைப் பலமுறை எழுதுகிறார்கள், பிறப்புகளை எழுதாமல் விடுகிறார்கள்!

அந்த டிசம்பரிலேயே ஸ்டாலின் இன்னொரு கூட்டத்தில் பெருமைப்பட்டுக்கொண்டார். நம் ஜனத்தொகை வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் கூடுகிறது, அதாவது வருஷா வருஷம் ஒரு முழு ஃபின்லாந்து நமக்குக் கிடைக்கிறது என்று.

இப்போது ஒரு பேனாவை எடுங்கள். 1933 கடைசியில் 16 கோடியே 80 லட்சம். வருஷத்துக்கு 30 லட்சம் வீதம் மூன்று வருஷம். 1936 கடைசியில் 17 கோடியே 70 லட்சம் இருக்க வேண்டும், இல்லையா? இது ஸ்டாலின் கணக்கு. இதைச் சரிபார்க்கும் வேலைதான் 1937 சென்சஸ்.

* * *

கடைசி சென்சஸ் 1926 டிசம்பரில் நடந்தது. அப்போது 14 கோடியே 70 லட்சம். அடுத்ததை 1933-லேயே எடுப்பதாக இருந்தார்கள். பஞ்ச வருடம்! தள்ளிப்போட்டார்கள். மறுபடி தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 1937 ஜனவரி 6 என்று முடிவானது.

பொறுப்பாளர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. துறையின் தலைவர் இவான் கிராவல், நாற்பது வயதுக்காரர், கட்சிக்காரர். சென்சஸ் பிரிவைக் கவனித்தவர் ஒலிம்பி குவித்கின், அறுபதைத் தாண்டியவர், 1926 சென்சஸிலும் பெரிய பொறுப்பில் இருந்தவர். எண்களைப் பொறுத்தவரை பழம் தின்று கொட்டை போட்ட மனுஷன். மக்கள்தொகைக் கணிப்பு நம்ம குர்மனின் வேலை.

இவர்கள் பார்த்துப் பார்த்து ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். அது ஸ்டாலினின் மேஜைக்குப் போனது. நாட்டின் தலைவர் சென்சஸ் ஃபாரத்தைத் தன் கையால் திருத்தியது உலக சரித்திரத்தில் எத்தனை முறை நடந்திருக்கும் என்று தெரியாது, இங்கே நடந்தது. சில கேள்விகள் போயின. மொத்தம் 14 கேள்விகள் என்று சுருங்கியது. ஒரு கேள்வி புதிதாக முளைத்தது. உங்கள் மதம் என்ன?

எண்ணுகிற முறையையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் வழக்கமாக வசிப்பவர்களை எண்ணுவது ஒரு முறை. குறிப்பிட்ட இரவில் யார் எங்கே இருக்கிறார்களோ அவர்களை அங்கேயே எண்ணுவது இன்னொரு முறை. இந்தியாவில்கூட 1881 பிப்ரவரி 17 ராத்திரி தொடங்கி 1931 வரை இந்த ‘ஒரே ராத்திரி’ முறைதான். 1941-ல்தான் கைவிட்டார்கள். சோவியத்திலும் இதையே பிடித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் கணக்கெடுப்பாளர்கள். ஜனவரி 1 முதல் 5 வரை வீடு வீடாகப் போய் ஃபாரத்தை முன்கூட்டியே நிரப்பிவைக்க வேண்டும். 5-ம் தேதி நள்ளிரவு தாண்டியதும் மறுபடி போய், ராத்திரி செத்தவரை அடித்து, பிறந்ததைச் சேர்த்து, வெளியூர் போனவரை நீக்கி, வந்த விருந்தாளியை எழுத வேண்டும். ஓடுகிற ரயிலில் இருப்பவர்களை ரயிலிலேயே எண்ணி, கையில் ஒரு சீட்டு கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஊரில் இன்னொருவர் மறுபடி எண்ணிவிடக் கூடாதே! அதற்கப்புறமும் சில நாள் சரிபார்ப்பு. ராணுவத்தை ராணுவமே எண்ணிக்கொண்டது. சிறைகளையும் முகாம்களையும் ரகசியப் போலீஸ் எண்ணியது.

பதினோரு காலக் கோடுகள் தாண்டிய தேசம். ஜனவரி மாதப் பனி. தேதியும் எப்படிப்பட்ட தேதி பாருங்கள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவர்களுக்கு ஜனவரி 7-தான் கிறிஸ்துமஸ். அதற்கு முதல் நாள் கதவைத் தட்டி, “கடவுளை நம்புகிறீர்களா?” என்று கேட்டால் எப்படியிருக்கும்?

ஊரெல்லாம் வதந்தி. நம்புகிறேன் என்று எழுதினால் நெற்றியில் முத்திரை குத்துவார்களாம். வேலை போய்விடுமாம். அன்று ராத்திரி விசுவாசிகளையெல்லாம் வெட்டப்போகிறார்களாம். இன்னொரு பக்கம், நிறையப் பேர் நம்புகிறேன் என்று எழுதினால் மூடிய சர்ச்சுகளைத் திறந்துவிடுவார்களாம்! சர்ச்சுகளை இடித்து, பாதிரியார்களைச் சுட்டு, பள்ளிக்கூடத்தில் நாத்திகம் சொல்லிக்கொடுத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. பதில் என்னவாக வந்தது தெரியுமா? 16 வயதுக்கு மேற்பட்ட 9 கோடியே 84 லட்சம் பேரில், 5 கோடியே 53 லட்சம் பேர் ‘நம்புகிறேன்’ என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். நூற்றுக்கு ஐம்பத்தாறு பேர். பெயர், விலாசத்தோடு, அரசாங்க ஊழியர் முகத்துக்கு நேராக. எனக்கு இந்த மொத்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். படிக்காத கிழவிகள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஸ்டாலினைப் பார்த்து கட்சித் தலைவர்களே வாயைத் திறக்கப் பயந்த காலத்தில்.

* * *

மதக் கணக்கு ஒரு அதிர்ச்சி என்றால், மொத்தக் கணக்கு பேரிடி. ராணுவம், சிறை, முகாம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் 16 கோடியே 20 லட்சம்.

ஸ்டாலின் கணக்குக்கும் இதற்கும் ஒன்றரைக் கோடி வித்தியாசம். மூன்று வருஷத்துக்கு முன் மாநாட்டில் சொன்ன எண்ணைவிடவே 60 லட்சம் குறைவு!

உள்ளே பிரித்துப் பார்த்தால் எந்த இடத்தில் ஓட்டை என்று பளிச்சென்று தெரிந்தது. உக்ரேனில் 1926-ல் 2 கோடியே 90 லட்சம் பேர். பத்து வருஷம் கழித்து 2 கோடியே 84 லட்சம். கஜக் இனத்தவர் சோவியத் முழுக்க 39 லட்சத்து 68 ஆயிரம் பேர் இருந்தார்கள். இப்போது 28 லட்சத்து 62 ஆயிரம். மந்தைகளைப் பிடுங்கியதும் செத்தவர்கள் பலர், எல்லை தாண்டி சீனாவுக்கும் மற்ற இடங்களுக்கும் ஓடியவர்கள் மீதி. ஃபாரத்தில் வரிசை எண் இல்லாதவர்களெல்லாம் இப்படி மொத்தமாக வந்து நின்றார்கள்.

கிராவல் என்ன செய்திருக்கலாம்? எண்ணை ஊதிவிட்டிருக்கலாம். செய்யவில்லை. அதற்காக அவரைப் பெரிய தியாகியாக்க வேண்டாம்; ரிப்போர்ட்டில் ஸ்டாலினுக்கு இதமாகச் சொல்ல ஆனமட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 16 கோடியே 20 லட்சத்தை மாற்றவில்லை. குர்மன் ஒரு படி மேலே போய், 1937 மார்ச்சில் ஒரு குறிப்பு தயாரித்தார். 1926-லிருந்து பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, இடையில் காணாமல்போனவர்கள் எங்கே என்று கணக்குப் பார்க்கும் குறிப்பு. வெளிநாட்டுக்கு ஓடியவர்கள் இவ்வளவு, ரிஜிஸ்டரில் ஏறாத சாவுகள் இவ்வளவு என்று. நல்ல புள்ளிவிவரக்காரர் வேறென்ன செய்வார்? இடித்த எண்ணுக்குக் காரணம் தேடினார்.

அதே மார்ச்சில் குவித்கினைக் கைது செய்தார்கள். குர்மனையும். மே மாதம் கிராவல். உக்ரேன் புள்ளிவிவரத் துறையின் தலைவர் அசாத்கினும் உள்ளே போனார். மாகாணங்களில் இன்னும் பலர்.

செப்டம்பர் 25-ம் தேதி அரசாங்கத்தின் தீர்மானம் வந்தது. சென்சஸ் ‘குறைபாடுள்ளது’, செல்லாது. புள்ளிவிவர விஞ்ஞானத்தின் அடிப்படைகளையே மீறி நடத்தப்பட்டது. பத்திரிகைகள் பாக்கியைச் சொல்லின: துரோகிகள், உளவாளிகள், வேண்டுமென்றே மக்கள்தொகையைக் குறைத்துக் காட்டினார்கள்! மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 28-ம் தேதி, ஒலிம்பி குவித்கின் சுட்டுக் கொல்லப்பட்டார். கிராவலும் அசாத்கினும் அந்த வருடமே சுடப்பட்டார்கள். கிராவல் நாற்காலியில் புதிதாக வந்து உட்கார்ந்தவருக்கும் வெகு சீக்கிரம் அதே முடிவு.

உண்மையிலேயே நிறையப் பேர் விடுபட்டிருப்பார்களோ? நியாயமான சந்தேகம்தான். எந்த சென்சஸிலும் கொஞ்சம் பேர் விட்டுப்போவார்கள். அதனால்தான் இன்றைக்கு நம் நாட்டில் சென்சஸ் முடிந்ததும் சில இடங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி மறுபடி எண்ணி, விட்டுப்போனது எத்தனை என்று மதிப்பிடுகிறார்கள். 1937 கணக்கைப் பிற்காலத்தில் ரஷ்ய ஆய்வாளர்களே அலசிப் பார்த்தார்கள். விடுபட்டது அரை சதவீதம் போல. அப்படிப்பட்ட பனியில், அப்படிப்பட்ட பயத்தில், ஒரே ராத்திரியில் எடுத்த கணக்குக்கு இது அபாரமான துல்லியம். குவித்கின் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். அதுதான் அவர் செய்த குற்றம்.

* * *

நாட்டுக்கு ஒரு எண் வேண்டுமே! 1939 ஜனவரி 17-ம் தேதி புது சென்சஸ். இந்த முறை எண்ணப் போனவர்களுக்கு விஷயம் தெளிவாகப் புரிந்திருந்தது. முன்பு எண்ணியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மதக் கேள்வி காணாமல்போனது. யாரும் விட்டுப்போகக் கூடாது என்று தனிச் சீட்டுகள், மறு சரிபார்ப்பு, தண்டனை எச்சரிக்கை. அப்படியும் எண்ணியது போதவில்லை. எண்ணி முடித்துத் தொகுப்பதற்குள்ளேயே, மார்ச் மாதக் கட்சி மாநாட்டில் ஸ்டாலின் 17 கோடி என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன? 17 கோடியே 5 லட்சம் என்று ‘வந்தது’. இருபது, முப்பது லட்சம் ஊதல் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஊதியதைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது இன்னொரு வேலை. சைபீரியா, தூர வடக்கு போன்ற ஆளில்லாத பிரதேசங்களில் முகாம் கைதிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை இருந்த இடத்திலேயே கணக்கில் காட்டினால், பனிப் பாலைவனத்தில் இவ்வளவு ஜனம் எப்படி என்று யாராவது கேட்பார்கள். அதனால் கைதிகளின் ஃபாரங்களை மட்டும் மூட்டை கட்டி வேறு மாகாணங்களுக்கு அனுப்பி, அந்தந்த ஊர் ஜனத்தோடு கலந்துவிட்டார்கள். ஆள் ஆர்க்டிக் ஓரத்தில் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். அவன் ஃபாரம் எங்கோ ஒரு நகரத்தில் ‘வசித்துக்கொண்டிருக்கும்’! பஞ்சத்தில் செத்த இடங்களின் பள்ளத்தை நிரப்பவும் இது கொஞ்சம் உதவியது.

அடுத்த சென்சஸ் எப்போது? 1959-ல். இடையில் இருபது வருஷம். உலகப் போர் முடிந்ததும், சோவியத் இழப்பு சுமார் 70 லட்சம் என்று 1946-ல் ஸ்டாலின் சொன்னார். எண்ணிப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லாததால், அவர் இருந்தவரை அந்த எண்ணும் இருந்தது. குருஷ்சேவ் காலத்தில் அது 2 கோடியானது. 1990-ல் கோர்பச்சேவ் காலத்தில் சுமார் 2 கோடியே 70 லட்சம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் 1937 சென்சஸின் காகிதங்களும் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வந்து அச்சேறின. பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இன்றைக்கு அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்.

நம் ஊரில் 2021-ல் நடந்திருக்க வேண்டிய சென்சஸ் கோவிட் வந்ததால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ம் தேதி பிறக்கும் நள்ளிரவைக் கணக்குக்கு அடிப்படை நேரமாக அரசாங்கம் அறிவித்தது. டீச்சர் வரும்போது தண்ணீரோடு ஒரு வாய் காபியும் கொடுங்கள்.

குர்மன் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. அவரைச் சுடவில்லை. முகாம், அப்புறம் நாட்டுக்குள்ளேயே தூரத்தில் ஒதுக்கிவைப்பு என்று பதினெட்டு வருஷம் ஓடியது. 1955-ல் குற்றமற்றவர் என்று காகிதம் கொடுத்தார்கள். உக்ரேனிலுள்ள கார்கோவ் நகரத்தில் குடியேறினார். 1933 பஞ்சத்தில் சுற்றுப்புறக் கிராமங்களெல்லாம் சுருண்டு விழுந்த அதே கார்கோவ். அங்கே உட்கார்ந்து, கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, 1968-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கார்கோவ் நகரத்தில் எத்தனை பேர் வசிக்கிறார்கள், எத்தனை பேர் பிறக்கிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள் என்பதுதான் புத்தகத்தின் விஷயம்.